கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குங்கள்!

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கும், ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள்

கீரனூரில் பஸ் ஏறினால், திருச்சி நகருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடுகிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும், கோலாலம்பூருக்கும், துபாய்க்கும் விமானங்கள் பறக்கின்றன. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்தால், பிள்ளைகள் அந்த விமானத்தில்தான் ஏறுகிறார்கள். அக்காள் கல்யாணக் கடன், தம்பி படிப்பு, ஒழுகும் வீட்டுக்கு ஒரு கூரை. இத்தனையும் அந்த ஒரு பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

புறப்படும்போது அம்மா என்ன சொல்லுகிறாள்? "வேளா வேளைக்குச் சாப்பிடு" என்கிறாள். அப்பா, "பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்கிறார். மாமா, "கெட்ட சகவாசம் வேண்டாம்" என்கிறார். எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் இன்னொரு புத்திமதியும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்லுவதில்லை.

"அந்த ஊரில் கூட்டம் கூடினால், நீ அங்கே நிற்காதே!"

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். பெரிய விஷயம்தான். வேடிக்கை பார்க்க நின்ற ஒரே காரணத்தால் வேலை இழந்தவர்கள் உண்டு. கோஷம் போட்ட ஒரே காரணத்தால் சிறைக்குப் போனவர்கள் உண்டு. ஒன்றுமே செய்யாமல் ஓட்டல் அறையில் இருந்தபோது உயிரை விட்டவர்களும் உண்டு. நடந்த சம்பவங்களையே இங்கே சொல்லுகிறோம். படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தேக்காவில் நடந்தது

2013-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் "லிட்டில் இந்தியா" என்ற பகுதி இருக்கிறது. நம்மவர்கள் அதைத் தேக்கா என்பார்கள். வாரம் முழுவதும் கட்டிட வேலை செய்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவார்கள். கோவிலுக்குப் போவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சந்தித்துப் பேசுவார்கள். இரவு ஆனதும், தங்கும் விடுதிக்குத் திரும்பத் தனியார் பஸ்கள் காத்திருக்கும்.

அன்று இரவு 9 மணிக்கு மேல், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அப்படி ஒரு பஸ் நிரம்பிவிட்டது. அதில் ஏறிய 33 வயதுத் தொழிலாளி ஒருவர் கீழே இறக்கி விடப்பட்டார். பஸ் கிளம்பியது. பஸ்சை ஒட்டி நடந்துபோன அவர் நிலை தடுமாறி விழுந்தார். சக்கரத்தில் சிக்கினார். உயிர் போய்விட்டது. அவர் நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளை.

கூட்டம் கூடியது. போலீசாரும் மருத்துவ ஊழியர்களும் வந்தார்கள். பஸ் டிரைவரையும், பஸ்சில் வேலை செய்த பெண்ணையும் கூட்டத்தின் கோபத்தில் இருந்து காப்பாற்றி ஆம்புலன்ஸ் வண்டிக்குள் கொண்டுபோனார்கள். இதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? "அடிபட்டவன் கிடக்கிறான். இடித்தவர்களைக் காப்பாற்றுகிறார்களே!" என்று நினைத்தார்கள். அடிபட்டவர் முன்பே இறந்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பினார். கல் பறந்தது. பாட்டில் பறந்தது. குடிபோதையும் சேர்ந்துகொண்டது. போலீஸ் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. ஆம்புலன்ஸ் எரிந்தது.

சுமார் 300 பேர் கலகத்தில் ஈடுபட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரம் அது நீடித்தது. சிங்கப்பூரில் அப்படி ஒரு கலகம் நடந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். போலீசார் தங்கும் விடுதிகளுக்கே போனார்கள். ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தார்கள். முடிவில் 25 பேர் மீது வழக்கு நடந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி கலகக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 57 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். சுமார் 200 பேருக்குப் போலீசார் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

நாடு கடத்தப்பட்டவர்கள் எல்லோரும் கல் எறிந்தவர்களா? இல்லை. "கலைந்து போங்கள்" என்று போலீசார் சொன்ன பிறகும் போகாமல் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். நின்றதே குற்றமாகிவிட்டது! அவர்கள் மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ஊரில் வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருக்கும். வட்டிக்காரர், "உன் பிள்ளை கல் எறியவில்லை" என்று வட்டியைத் தள்ளுபடி செய்வாரா?

பின்னர் முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2014-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அறிக்கை வெளிவந்தது. விபத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதும், குடியும் முக்கிய காரணங்கள் என்று அக்குழு கூறியது. 2015 முதல் சிங்கப்பூரில் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது.

நம் ஊர்ப் பழக்கம்

அன்று கூடி நின்றவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நம் ஊர்ப் பழக்கம் அவர்களோடு கடல் கடந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

நம் ஊர் ரோட்டில் பஸ் மோதி ஒருவர் இறந்துவிட்டால் என்ன நடக்கிறது? ஊரே திரண்டு வருகிறது. சாலை மறியல் நடக்கிறது. தாசில்தார் வரவேண்டும், கலெக்டர் வரவேண்டும் என்கிறோம். அவர்கள் வந்து, பேச்சுவார்த்தை நடத்தி, நிவாரணத்துக்கு வழி சொன்ன பிறகுதான் கலைகிறோம். ஏழைக்கு நியாயம் கிடைக்கச் சில சமயம் அதுவே வழியாகவும் இருக்கிறது. 2017-ம் ஆண்டில் நம் மாவட்டத்து நெடுவாசல் மக்கள் ஹைட்ரோ கார்பன் திட்டத்தை எதிர்த்து நாள் கணக்கில் உட்கார்ந்து போராடியதை நாடே பார்த்தது. கூடி நின்று குரல் கொடுப்பது நமக்குக் கைவந்த பழக்கம். அது தப்பும் அல்ல.

ஆனால் அந்த உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இந்திய அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருந்து வந்தது. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அது கொடுக்கிறது. யாருக்கு? இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். இந்தியாவுக்கு வந்திருக்கும் அந்நிய நாட்டாருக்கு அந்த உரிமை இல்லை!

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போகவேண்டாம். 2019-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன் மாணவர் ஒருவர், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் அட்டை பிடித்து நின்றார். அதிகாரிகள் அவரை இந்தியாவை விட்டுப் போகச் சொன்னார்கள். அவரும் போய்விட்டார். பக்கத்தில் நின்ற நம் மாணவர்கள் இங்கேயே இருந்தார்கள். அவர் மட்டும் போனார். ஏனென்றால் அவர் விருந்தாளி.

வெளிநாட்டில் நாம்தான் அந்த ஜெர்மன் மாணவர். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றது எல்லாம் எளிதில் புரிந்துவிடும்.

அந்த ஊர்ச் சட்டங்கள்

ஊருக்கு ஊர் சட்டம் மாறும். சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஒரே ஒரு ஆள் நின்று நடத்தும் போராட்டத்துக்குக் கூடப் போலீஸ் அனுமதி வேண்டும். ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனை என்று ஓர் இடம் உண்டு. அங்கே சிங்கப்பூர்க் குடிமக்கள் கூட்டம் நடத்தலாம். வெளிநாட்டார் அந்தக் கூட்டத்துக்குப் போய் நிற்கவும் கூடாது என்று 2017-ல் விதி வந்தது.

மலேசியாவில் 2012-ம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், குடிமக்கள் அல்லாதவர்களுக்குப் பேரணி நடத்தவோ கலந்துகொள்ளவோ உரிமை இல்லை என்கிறது. அங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழில் கோஷம் கேட்கும். கேட்டதும் நமக்கு ஆசை வரும். அவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள். நாம் வேலைக்கு வந்தவர்கள். மொழி ஒன்றாக இருக்கலாம். பாஸ்போர்ட் வேறு!

வளைகுடா நாடுகளில் இன்னும் கடுமை. "நான் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லையே, என் சொந்த நாட்டு விஷயத்தைத்தானே பேசினேன்" என்றாலும் தப்ப முடியாது. 2024-ம் ஆண்டு ஜூலையில் வங்காள தேசத்தில் மாணவர் போராட்டம் மூண்டது. ஐக்கிய அரபு நாட்டில் வேலை செய்த வங்காள தேசத்தார் சிலர் ரோட்டில் திரண்டு, தங்கள் நாட்டு அரசாங்கத்தை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். 57 பேர் மீது வழக்கு. கைதான சில நாட்களுக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. 3 பேருக்கு ஆயுள் சிறை. 53 பேருக்கு 10 ஆண்டு சிறை. ஒருவருக்கு 11 ஆண்டு!

அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. வங்காள தேசத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசின் தலைவர் முகமது யூனுஸ் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்த ஆண்டு செப்டம்பரில் அரபு நாட்டு அதிபர் மன்னிப்பு வழங்கினார். சிறை போயிற்று. ஆனால் வேலையும் போயிற்று. எல்லோரும் நாடு கடத்தப்பட்டார்கள். எல்லோருக்கும் இப்படி மன்னிப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

குவைத்தில் 2022-ம் ஆண்டு ஜூனில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சிலர் தொழுகை முடிந்ததும் பாஹீல் என்ற இடத்தில் கூடி முழக்கம் இட்டார்கள். அவர்கள் கூடியது மத சம்பந்தமான காரணத்துக்காக. அந்த நாடும் அதே மதத்து நாடுதான். ஆனாலும், அதில் கலந்துகொண்டவர்களைப் பிடித்து நாடு கடத்துவோம் என்று குவைத் அரசாங்கம் அறிவித்தது. காரணம் நல்லதா கெட்டதா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கூடினார்களா இல்லையா என்றுதான் பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பெயர் போன அமெரிக்காவிலும் இப்போது எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2024-ம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழகங்களில் காசாப் போரைக் கண்டித்து மாணவர்கள் கூடாரம் அடித்துப் போராடினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கைது செய்யப்பட்டவர்களில் கோயம்புத்தூரில் பிறந்த மாணவி ஒருவரும் இருந்தார். 2025-ல் வெளிநாட்டு மாணவர்கள் பலருடைய விசாக்கள் ரத்தாயின. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவி ஒருவரின் விசாவும் ரத்தானது. போராட்டம் நடந்த நாளில் தாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கூட்டத்தில் சிக்கிக்கொண்டதாக அவர் கூறினார். அவர் மீது இருந்த வழக்கு முன்பே தள்ளுபடி ஆகியிருந்தது. ஆனாலும் அவர் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்தது.

வம்பு வீடு தேடி வந்தால்?

"நான் கூட்டத்துக்கே போகமாட்டேன். அறையிலேயே இருப்பேன்" என்கிறீர்களா? நல்லது. ஆனால் சில சமயம் கலவரம் நம் வாசலுக்கே வந்துவிடும்.

2024-ம் ஆண்டு மே மாதம் கிர்கிஸ்தான் நாட்டுத் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு கும்பல் வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் விடுதிகளைத் தாக்கியது. டாக்டர் படிப்புக்காக நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் போகும் ஊர் அது. "வெளியே வராதீர்கள்" என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது.

அதே ஆண்டு ஜூலையில் வங்காள தேசத்தில் ஊரடங்கு. இணையம் துண்டிக்கப்பட்டது. வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. இங்கே பெற்றோர்கள் பதறினார்கள். ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் எல்லை வழியாகவும் விமானத்திலும் திரும்பி வந்தார்கள்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 8, 9 தேதிகளில் நேபாளத்தில் இளைஞர்கள் போராட்டம் கலவரமாக மாறியது. பாராளுமன்றக் கட்டிடம் எரிந்தது. காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. யாத்திரை போன இந்தியர்கள் சிக்கிக்கொண்டார்கள். பெரிய ஓட்டல்களுக்கும் தீ வைக்கப்பட்டது. தீப்பிடித்த ஓட்டலில் இருந்து தப்பிக்க முயன்ற இந்தியப் பெண்மணி ஒருவர் உயிர் இழந்தார். அவர் சாமி கும்பிடப் போனவர். எந்தக் கோஷமும் போடாதவர்.

ஆகவே, கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் மட்டும் போதாது. கூட்டம் வந்தால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை

முதலாவது: ஊர் விவரம் கேளுங்கள். ஒரு நாட்டில் இறங்கிய முதல் வாரத்திலேயே, அங்கே ஊர்வலங்கள் எந்த இடத்தில் நடக்கும் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். பாராளுமன்றம், பெரிய மைதானம், தலைவர் சிலை, பல்கலைக்கழக வாசல் ஆகியவைதான் பொதுவாக அந்த இடங்கள். தேர்தல் நாள், தீர்ப்பு நாள், விலை உயர்வு அறிவித்த நாள் ஆகியவற்றில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது: கூட்டத்தைக் கண்டதும் திரும்புங்கள். "என்னவாம்?" என்று கேட்க நிற்காதீர்கள். மறுநாள் பேப்பரில் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: செல்போனை எடுக்காதீர்கள். படம் பிடித்தால், நீங்கள் அங்கே இருந்ததற்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். ஐக்கிய அரபு நாட்டில் அந்த வங்காள தேசத்தார் வழக்கில், படம் பிடித்து இணையத்தில் போட்டதும் ஒரு குற்றமாகச் சேர்ந்தது. பிறர் அனுப்பிய படத்தை மற்றவர்களுக்கு அனுப்புவதும் வேண்டாம்.

நான்காவது: நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். ஓடினால் கீழே விழுவீர்கள். விழுந்தால் மிதிபடுவீர்கள். கூட்டத்தை எதிர்த்து முட்டவும் வேண்டாம். ஆற்று வெள்ளத்தில் அகப்பட்டவன் என்ன செய்வான்? வெள்ளத்தோடு போய்க்கொண்டே கரைப் பக்கம் சாய்ந்து ஒதுங்குவான். அதே மாதிரி, கூட்டத்தோடு நடந்துகொண்டே ஓரமாக ஒதுங்குங்கள். சந்து, கடை, கோவில், ஆஸ்பத்திரி எது கிடைத்தாலும் உள்ளே போங்கள். நெரிசலில் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சு விட இடம் கிடைக்கும். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். கீழே ஏதாவது விழுந்தால் எடுக்கக் குனியாதீர்கள்.

ஐந்தாவது: "கலைந்து போ" என்று போலீசார் சொன்னால், அந்த நொடியே போங்கள். மொழி புரியாவிட்டாலும் சைகை புரியும். வாதாட வேண்டாம். கைகள் வெளியே தெரியும்படி நடந்து போங்கள். தேக்காவில் போகாமல் நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறக்காதீர்கள்.

ஆறாவது: கண்ணீர்ப் புகை வந்தால் காற்று வரும் திசையை நோக்கிப் போங்கள். புகை பின்னால் போய்விடும். துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புகைக் குண்டைத் தொடவே தொடாதீர்கள். அது சுடும். தொட்டவன் மீது பழியும் விழும்.

ஏழாவது: அறையில் இருக்கும்போது கலவரம் வந்தால், தெருப் பக்க ஜன்னலை விட்டு விலகி உட்காருங்கள். மாடியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். ஓட்டலில் தங்கினால், முதல் நாளே இரண்டு படிக்கட்டுகள் எங்கே இருக்கின்றன என்று நடந்து பாருங்கள். தீப்பிடித்தால் லிப்டில் ஏறாதீர்கள். விமான நிலையம் திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அங்கே புறப்படாதீர்கள்.

எட்டாவது: சட்டைப் பையில் எப்போதும் அடையாள அட்டை இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட், சவூதியில் இக்காமா, குவைத்தில் சிவில் ஐ.டி., அரபு நாட்டில் எமிரேட்ஸ் ஐ.டி. இவை இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள். போலீஸ் அவசர எண் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐக்கிய அரபு நாட்டிலும் 999. குவைத்தில் 112.

பிடிபட்டால்?

தப்பே செய்யாவிட்டாலும் பிடிபட நேரலாம். அப்போது முரண்டு பிடிக்காதீர்கள். ஓட முயலாதீர்கள். பணம் கொடுத்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அது தனிக் குற்றம்.

ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள்: "நான் இந்தியன். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்." இது பிச்சை அல்ல. உரிமை! 1963-ம் ஆண்டில் வியன்னா நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்பாட்டின்படி, கைதான வெளிநாட்டார் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் இருந்தவன் என்ன செய்தான் என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

தூதரகம் சிறைக் கதவைத் திறந்துவிடாது. அந்த நாட்டுச் சட்டத்தை மாற்றவும் அதனால் முடியாது. ஆனால் அதிகாரி வந்து பார்ப்பார். வக்கீல் பெயர்களைத் தருவார். குடும்பத்துக்குத் தகவல் சொல்லுவார். தனியாகக் கிடப்பவனுக்கு அது பெரிய துணை.

அப்படியானால் அநியாயத்தைப் பொறுப்பதா?

இங்கே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். "மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. விடுதியில் தண்ணீர் இல்லை. நாங்கள் வாய் மூடிக்கொண்டு கிடக்க வேண்டுமா?"

வேண்டாம்! கூட்டம் வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம். குறை சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிமையாக இருக்கவா கடல் கடந்து போனோம்?

2012-ம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரில் சீனாவில் இருந்து வந்த பஸ் டிரைவர்கள் 171 பேர், சம்பளத்தில் பாரபட்சம் என்றும் விடுதி சரியில்லை என்றும் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருந்தது. விடுதியைக் கவனித்திருக்க வேண்டும் என்று பஸ் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. ஆனால் முன் அறிவிப்பு இல்லாத வேலை நிறுத்தம் அங்கே சட்ட விரோதம். 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 5 பேர் சிறைக்குப் போனார்கள். நியாயம் இருந்தது. வழி தவறிவிட்டது.

சரியான வழி எது? காகிதம்தான் வழி! ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வேலை செய்த நேரக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சில் புகார் கொடுக்கலாம். வளைகுடா நாடுகளில் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். இந்தியத் தூதரகங்கள் குறை கேட்கும் நாள் நடத்துகின்றன. இந்திய வெளியுறவுத் துறையின் "மதத்" என்ற இணையதளத்தில் 2015 முதல் புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஐம்பது பேர் ரோட்டில் நின்றால் அது கலகம். அதே ஐம்பது பேர் ஐம்பது மனு கொடுத்தால் அது வழக்கு. கலகக்காரனைப் பிடிக்கப் போலீஸ் வரும். வழக்குக்காரனுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டி வரும்.

இந்த வழி மெதுவானது. எல்லா இடத்திலும் உடனே நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் இந்த வழியில் போனவன் நாடு கடத்தப்பட்டு வெறுங்கையோடு திருச்சியில் இறங்கும் ஆபத்து மிகக் குறைவு.

குடும்பத்தாருக்கு

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் ஒவ்வொரு நகல் வீட்டில் இருக்கட்டும். கம்பெனி பெயர், விடுதி விலாசம், கூட வேலை செய்யும் இரண்டு பேருடைய டெலிபோன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று பேசுவதற்குக் குறித்துக்கொள்ளுங்கள். இணையம் நின்றாலும் சாதாரண டெலிபோன் சில சமயம் வேலை செய்யும். அதையும் முயன்று பாருங்கள்.

கலவரம் என்று சேதி வந்தால், "அங்கே என்னப்பா நடக்கிறது? ஒரு வீடியோ அனுப்பு" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் அவன் வெளியே போவான். "அறையை விட்டு வெளியே வராதே. கதவைச் சாத்திக்கொள்" என்று சொல்லுங்கள். யாரோ அனுப்பிய படத்தை நம்பி, "எங்கள் ஊர்ப் பையன் செத்துவிட்டான்" என்று தெருவெல்லாம் பரப்பாதீர்கள். தேக்காவில் தீ மூண்டதும் தவறான சேதியால்தான்.

தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. அதன் கட்டணம் இல்லாத எண் 1800 309 3793. அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகவும் சேரலாம். பிள்ளை புறப்படும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

வீரம் எது?

"ஒதுங்கிப் போவது கோழைத்தனம் இல்லையா?" என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். தேக்காவில் கல் எறிந்தவர்கள் மட்டுமா இருந்தார்கள்? "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று மறித்த தொழிலாளிகளும் இருந்தார்கள். கூட்டத்தின் எதிரே நின்று அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கூட்டத்தில் ஒருவனாகக் கல் எறிய அதில் ஒரு பங்கு கூட வேண்டாம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் ஒரு நிமிஷம். அதன் கணக்கைக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் கட்ட வேண்டும்.

அந்த இரவில் சக்கரத்தில் சிக்கிய தொழிலாளிக்கு, எரிந்த வண்டிகளால் உயிர் திரும்பி வரவில்லை. அவருடைய பெயரைச் சொல்லிக் கூடிய கூட்டத்தால், அவரைப் போலவே உழைத்துச் சம்பாதித்த எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அம்மா இருந்தாள். அவர்கள் வீட்டிலும் அடைபடாத கடன் இருந்தது.

உழைக்கப் போன இடத்தில் உழையுங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள். கூட்டம் கூடினால் வேறு தெரு வழியாக அறைக்குத் திரும்புங்கள். திரும்பியதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "அம்மா, நான் நல்லபடியாக இருக்கிறேன்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஊரில் ஒரு வீடு தூங்காமல் காத்திருக்கிறது.